கையெழுத்து மறக்கலை, எழுத்து ஏன் மறந்து போச்சு?



இந்த மாதப் பாடம் பேரேடு எழுதுவது பற்றியோ வங்கிக் கடன் பற்றியோ அல்ல. ஞாபகத்தையும் மறதியையும் பற்றியது. "மறதிக்கு என்னத்துக்குப் பாடம்? அதுதான் சொல்லிக் குடுக்காமலே வருதே" என்று போன கூட்டத்தில் ஒரு மதினி சொன்னார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு கூடலூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் எழுந்து தன் கதையைச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்த அக்காவுக்கு வயது 58. குழு ஆரம்பித்த நாளிலிருந்து உறுப்பினர். அவர் கையெழுத்தைப் பார்த்தால் டீச்சரம்மா போட்டது போல இருக்கும். சுழி சுழியாக, கோடு தவறாமல் போடுவார். போன வருடம் ஒரு நாள் கடன் கம்பெனி ஆள் ஒருவர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்று, "மூணு தவணை பாக்கி இருக்கும்மா" என்றார்.

"நான் எங்கய்யா ஒங்ககிட்ட கடன் வாங்குனேன்?"

அந்த ஆள் காகிதத்தை எடுத்துக் காட்டினார். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிய 40,000 ரூபாய்க் கடனுக்கு மூன்று இடத்தில் நம்ம அக்காவின் கையெழுத்து. "சாட்சிக் கையெழுத்துத்தான் மதினி, சும்மா ஒரு பேச்சுக்கு" என்று கேட்டிருக்கிறார் அந்தப் பெண். அக்காவும் போட்டுக் கொடுத்துவிட்டார். இப்போது அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டது. அக்கா போட்டது சாட்சிக் கையெழுத்து அல்ல, ஜாமீன் கையெழுத்து. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரைக்கும், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு.

இதில் எங்கள் மனதை அறுத்தது ஒன்று உண்டு. சிறுகடன் கொடுக்கும் நிறுவனங்கள் ஒப்பந்தத்தைக் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது. அந்தக் காகிதமும் தமிழில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலே 'ஜாமீன்தாரர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"ஏக்கா, அதப் படிக்கலையா?"

"எங்கத்தா படிக்க? அறிவொளியில படிச்சேன். பாட்டு கூட படிப்போம். எல்லாம் மறந்து போச்சு. கையெழுத்து ஒண்ணுதான் மிச்சம்."

ஒரே திண்ணையில், ஒரே தெருவிளக்கு வெளிச்சத்தில், ஒரே ஆளிடம் கற்றுக்கொண்டதில் ஒன்று முப்பது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. மற்றது போய்விட்டது. இது ஏன் என்பதுதான் இந்த மாதம் நாம் படிக்கப்போகும் பாடம்.

கைக்கு ஒரு ஞாபகம், வாய்க்கு ஒரு ஞாபகம்

நம்மில் பலர் பூக்கட்டுகிறவர்கள். சீலையம்பட்டிப் பூவை மடியில் போட்டுக்கொண்டு, டிவி பார்த்தபடியே, பக்கத்தில் இருக்கிறவளோடு வம்பு பேசியபடியே கட்டுவோம். கை தானாகப் போகும். இப்போது ஒரு சின்னப் பிள்ளை வந்து "எப்படிக் கட்டுறதுன்னு வாயால சொல்லு" என்று கேட்டால் நமக்குச் சொல்ல வராது. "இப்பிடித்தான், இங்க பாரு" என்று கையைத்தான் காட்டுவோம். ஏலத்தோட்டத்துக்குக் கம்பம்மெட்டு ஏறிப் போகிறவர்களும் அப்படித்தான். முற்றின காய் எது, பிஞ்சு எது என்று விரலுக்குத் தெரியும். கேட்டால் வாய் திணறும்.

ஞாபகம் என்பது ஒரே பெட்டி அல்ல. கைப்பழக்கத்துக்கு ஒரு இடம், செய்திக்கு ஒரு இடம் என்று மூளை தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் என்பவர். பாவம், அவர் விஞ்ஞானி அல்ல, நோயாளி. கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-இல், அவருடைய 27 வயதில், மூளையின் இரண்டு பக்கத்திலும் உட்பகுதியில் கொஞ்சத்தை அறுத்து எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிதாக எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. காலையில் பார்த்த டாக்டரை மாலையில் புது ஆளாகப் பார்ப்பார். 2008-இல் இறக்கும் வரை 55 வருடம் இப்படியே இருந்தார்.

பிரெண்டா மில்னர் என்ற பெண் விஞ்ஞானி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரப் படத்தின் கோட்டுக்குள் பென்சிலை ஓட்ட வேண்டும். இது லேசான வேலை அல்ல, இடது வலதாகத் தெரியும். முதல் நாள் நிறையத் தப்பு வந்தது. இரண்டாம் நாள் குறைந்தது. மூன்றாம் நாள் நன்றாகவே ஓட்டினார். ஆனால் "இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், இல்லவே இல்லை என்பார். கை கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டது அவருக்கே தெரியாது.

நம்ம அக்காவின் கையெழுத்தும் இந்த வகைதான். மாதம் நாலு கூட்டம், வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், வங்கி, ரேஷன் கடை என்று முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பார்! அது கைக்குள் இறங்கிவிட்டது. ஆனால் அது எழுத்தாக இறங்கவில்லை, கோலமாக இறங்கியிருக்கிறது. நாங்கள் சோதித்துப் பார்த்தோம். உறுப்பினர் பட்டியலை அவர் முன் வைத்து, "இதில் ஒங்க பேர் எங்கக்கா இருக்கு?" என்று கேட்டோம். இருபது பேர் பட்டியலில் அவரால் காட்ட முடியவில்லை. தினமும் தானே எழுதுகிற பெயர்தான் அது! இதைப் படிக்கிற ஊக்குநர்கள் அவரவர் குழுவில் ஒரு முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஆனால் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம், தனியாகக் கேளுங்கள். கையெழுத்துப் போடுகிற எல்லோரையும் எழுதப் படிக்கத் தெரிந்தவர் கணக்கில் சேர்த்துவிடுகிற தப்பை நாங்களும் பல வருடம் செய்திருக்கிறோம்.

அறிவொளி காலத்துக் கதை ஒன்று இங்கே பொருந்தும். 1988-இல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தை ஆரம்பித்தது. 1990-இல் எர்ணாகுளம் நாட்டிலேயே முதலாவதாக முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த வேகம் மலையைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்தது. தேனி அப்போது தனி மாவட்டம் அல்ல, மதுரையோடு சேர்ந்திருந்தது. புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி தொடங்கியபோது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள், வயல் வேலைப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஏறினார்கள். சைக்கிள் ஓட்டக் கற்றவளுக்கு அது மறந்ததா? பத்து வருடம் தொடாமல் இருந்து ஏறினாலும் கொஞ்சம் தள்ளாடிவிட்டு ஓடும். எழுத்து அப்படி இல்லை. அரைகுறையாகக் கற்று, அப்புறம் படிக்க ஒரு நோட்டீஸ் கூட இல்லாமல் விட்டால் போய்விடும். இயக்கம் முடிந்த பிறகு தொடர்கல்வி மையங்கள் வந்தன. ஆனால் எல்லா ஊரிலும் அவை நீடிக்கவில்லை.

சொளகும் குலுக்கையும்

புதிதாகப் படிக்கிறவர் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறார் என்று பார்ப்போம். மனதில் ஒரு சொளகு இருக்கிறது, ஒரு குலுக்கை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிமிடம் கையில் வைத்திருப்பது சொளகில் கிடக்கும். நாள்பட இருப்பது குலுக்கைக்குள் போகும். குலுக்கை பெரியது. சொளகு சிறியது. 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியல் அறிஞர் ஏறக்குறைய ஏழு சாமான்தான் அதில் நிற்கும் என்று எழுதினார். நாலுதான் நிற்கும் என்று பின்னால் வந்தவர்கள் குறைத்துவிட்டார்கள்.

அதனால்தான் பத்து இலக்க செல்போன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னால் தவறுகிறோம், இரண்டு மூன்று துண்டாக்கிச் சொன்னால் நிற்கிறது. ஒரு துண்டு ஒரு சாமான் என்று கணக்கு. இப்போது படிப்புக்கு வருவோம். 'ஜாமீன்தாரர்' என்ற சொல்லைச் சரளமாகப் படிக்கிறவருக்கு அது ஒரே சாமான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கு ஜா, மீ, ன், தா, ர, ர் என்று ஆறு சாமான். 'ர்' வருவதற்குள் 'ஜா' சொளகிலிருந்து கீழே விழுந்திருக்கும். ஒரு சொல்லுக்கே இந்தக் கதி என்றால் ஒரு வரி படித்து முடிக்கும்போது அர்த்தம் எங்கே நிற்கும்? "எழுத்து தெரியுது, ஆனா என்ன சொல்லுதுன்னு வெளங்கலை" என்று சொல்கிறவர்களுக்கு அறிவு மட்டு இல்லை. சொளகு நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான். சொல்லைக் கண்டதும் முழுசாகத் தெரிகிற அளவுக்குப் பழகிவிட்டால் படிப்பும் பூக்கட்டுவது போல ஆகிவிடும். அந்த அளவுக்கு வருவதற்கு முன் விடுவதால்தான் நஷ்டம்.

அந்த அளவு வந்துவிட்டால் எவ்வளவு காலம் நிற்கும்? 1984-இல் ஹாரி பாரிக் என்பவர், பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானிய மொழி படித்த 700 பேருக்கு மேல் சோதித்தார். சிலர் படித்து விட்டு 50 வருடம் ஆகியிருந்தது. முதல் சில வருடத்தில் மறதி வேகமாக இருந்தது. அதற்குப் பிறகு மிஞ்சியது இருபத்தைந்து வருடம் போல அசையாமல் அப்படியே இருந்தது. ஆரம்பத்தில் ஆழமாகப் படித்தவர்களுக்கு மிஞ்சியதும் அதிகம்.

மறதியின் கணக்கு

மறதியை முதன்முதலில் கணக்குப் போட்டு அளந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ். 1885-இல் புத்தகம் வெளியிட்டார். அவருக்குச் சோதனை ஆள் யாரும் கிடையாது, தன்னையே சோதித்துக்கொண்டார். அர்த்தமே இல்லாத அசைகளை இரண்டாயிரத்துக்கு மேல் உண்டாக்கி, வரிசை வரிசையாக மனப்பாடம் செய்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே வரிசையைப் படிப்பார். இரண்டாவது தடவை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று பார்ப்பார்.

நம்ம பாணியில் சொல்கிறோம். முதலில் படிக்க 100 ரூபாய் உழைப்பு செலவானது என்று வைத்துக்கொள்வோம். இருபது நிமிடம் கழித்துத் திரும்பப் படித்தால் 58 ரூபாய் மிச்சம். ஒரு மணி நேரம் கழித்து என்றால் மிச்சம் 44. ஒரு நாள் கழித்து 34. ஆறு நாள் கழித்து 25. ஒரு மாதம் கழித்து 21.

இந்தக் கணக்கில் இரண்டு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். முதல் விஷயம், பெரிய நஷ்டம் முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. ஒரு நாளில் 66 ரூபாய் போகிறது. ஆறாம் நாளிலிருந்து மாதக் கடைசி வரை போவது வெறும் நாலு ரூபாய். அப்படியானால் பயிற்சி முகாம் முடிந்து வந்த அன்று ராத்திரியோ மறுநாள் காலையோ ஒரு முறை நினைத்துப் பார்க்காமல், "அடுத்த மாதக் கூட்டத்தில் சொல்லிக்கலாம்" என்று பிரதிநிதி வைத்திருந்தால் என்ன ஆகும்? நமது கூட்டமைப்பில் எத்தனை பயிற்சி இப்படிப் போயிருக்கிறது என்று யோசித்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்!

இரண்டாவது விஷயம் சந்தோஷமானது. ஒரு மாதம் கழித்தும் அந்த 21 ரூபாய் போகவில்லை. "சுத்தமா மறந்து போச்சு" என்று வாய் சொன்னாலும் அடியில் கொஞ்சம் கிடக்கிறது. எபிங்ஹாஸ் படித்தது அர்த்தமில்லாத அசை. அர்த்தமுள்ள கவிதையை மனப்பாடம் செய்ய அவருக்கே பத்தில் ஒரு பங்கு உழைப்புதான் ஆனது. நாம் படித்தது நம்ம பெயரும் நம்ம ஊரும் அல்லவா?

கூடலூர் அக்காவோடு மறுபடி உட்கார்ந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். முதல் நாள் 'ப', 'ட', 'ம' வந்துவிட்டது. "அட, இது அந்தப் பட்டம் படம் போட்ட பக்கத்துல இருந்துச்சுத்தா" என்றார். எழுத்து போயிருந்தாலும் பக்கம் ஞாபகத்தில் இருந்திருக்கிறது! நாலாவது நாள் பாதி எழுத்துக்கு மேல் திரும்ப வந்துவிட்டது. ஆனால் 'ண, ன' குழப்பமும், 'கெ, கே' குழப்பமும் இன்னும் தீரவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூடி வைத்துச் சொல்லிப் பார்

படித்ததையே திரும்பத் திரும்பப் படித்தால் ஏறிவிடும் என்று நினைக்கிறோம். பிள்ளைகளையும் அப்படித்தான் அதட்டுகிறோம். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் ஒரு பாடத்தை நாலு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி வைத்து, மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு முறை படித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நாலு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம் ஞாபகம் இருந்தது. மூடி வைத்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம்.

திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அது ஒரு மயக்கம். மூடி வைத்து நினைக்கும்போது திணறுகிறோம் பாருங்கள், அந்தத் திணறல்தான் வேலை செய்கிறது. கிணற்றுக் கயிறு மாதிரி, இழுக்க இழுக்கத்தான் கைக்குப் பழகும்.

நம்ம பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இது ஏதோ ஒரு விதத்தில் தெரிந்திருந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாயால் சத்தமாகச் சொல்லி, எண்சுவடியை ஏட்டைப் பார்க்காமல் ஒப்பிப்பார்கள். 1787-இல் சென்னைக்கு வந்து அங்கே அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையையும் அங்கே நடத்தினார். 1797-இல் இங்கிலாந்தில் அதைப் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று அங்கே பெயர். அந்தக் காலத் திண்ணையில் பிரம்படியும் இருந்தது, பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடம் இல்லை. அதனால் எல்லாமே பொற்காலம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் சொளகில் மணல் பரப்பி விரலால் எழுதிப் பழக ஒரு பைசா செலவில்லை. நோட்டும் பென்சிலும் பார்த்தால் கை நடுங்குகிற அக்காமார் மணலில் பயமில்லாமல் எழுதுகிறார்கள். தப்பு வந்தால் உள்ளங்கையால் தடவிவிட்டுத் திரும்ப எழுதலாம்.

மண்டையில் ஏறாத நாட்கள்

"எனக்கெல்லாம் மண்டையில ஏறாது" என்று சொல்லாத உறுப்பினரை நாங்கள் பார்த்ததில்லை. இதைப் பற்றி நம்ம தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நாலு பேர் செய்து 2013-இல் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகள். கரும்புப் பணம் வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். வெட்டுக்கு முன்னால் கையில் காசு இருக்காது, நகை அடகுக் கடையில் இருக்கும். பணம் வந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். அதே ஆளுக்கு இரண்டு சமயத்திலும் அறிவுச் சோதனை வைத்தார்கள். ஆள் ஒன்றுதான். ஆனால் பணமுடை நேரத்தில் தப்பு அதிகம் செய்தார், யோசிக்கவும் அதிக நேரம் எடுத்தார். இந்த ஆய்வின் கணக்கைக் கேள்வி கேட்ட அறிஞர்களும் உண்டு. ஆனாலும் நமக்கு இது அனுபவத்தில் தெரிந்ததுதானே? வட்டிக்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்ற யோசனை சொளகில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால் எழுத்துக்கு எங்கே இடம்?

ஆகவே குழுவில் எதையாவது கற்றுக்கொடுக்க நாள் குறிக்கும்போது இதையும் யோசிக்க வேண்டும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் வேண்டாம். தவணை கட்டுகிற நாளில் வேண்டாம். திராட்சைக் கவாத்து வேலையும் ஏலக்காய் எடுப்பும் ஒன்றாக வருகிற நாட்களில் விடியற்காலை ஜீப் ஏறிப் போய்விட்டு இருட்டியபின் வருகிறவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டாம். தூக்கம் குறைந்தால் படித்தது குலுக்கைக்குப் போகாது. தூங்கும்போதுதான் மூளை அன்றைய சரக்கை அடுக்கி வைக்கிறது.

சத்தியம் செய்தாலும் தப்பலாம்

மறப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நடக்காததை நடந்ததாக நினைப்பதும் ஞாபகத்தின் குணம்தான். இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது, ஏனென்றால் குழுக்கள் உடைவது இதில்தான்.

சின்னமனூர்ப் பக்கத்துக் குழு ஒன்றில் 500 ரூபாய்க்காகப் பெரிய சண்டை வந்தது. "தை மாசக் கூட்டத்துல ஒங் கையிலதான் குடுத்தேன், பச்சைச் சேலை கட்டியிருந்தே" என்கிறார் உறுப்பினர். "என் கைக்கு வரவே இல்லை" என்கிறார் கணக்கு எழுதும் தங்கை. இரண்டு பேரும் கற்பூரம் அணைக்கத் தயார். இரண்டு பேரையும் எங்களுக்குத் தெரியும். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் அல்ல.

1974-இல் எலிசபெத் லோஃப்டஸ் என்பவர் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார். ஒரு கூட்டத்திடம் "கார்கள் முட்டியபோது என்ன வேகம்?" என்று கேட்டார். இன்னொரு கூட்டத்திடம் "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்று கேட்டார். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டபோது, முட்டியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்தோம் என்றார்கள். நொறுங்க மோதியது என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! கேட்கிற சொல் ஞாபகத்துக்குள் புகுந்துவிடுகிறது. ஞாபகம் போட்டோ மாதிரி இல்லை, ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் புதிதாக வைக்கிற குழம்பு மாதிரி. நேற்று வீட்டில் பேசியதும் இன்று அதில் விழுந்துவிடும்.

அதனால் தகராறு வரும்போது "நீ பணத்தை அமுக்கிட்டியா?" என்று ஆரம்பிக்காமல், "அன்னைக்கு என்ன நடந்துச்சு, நீயா சொல்லு" என்று விட்டுவிட வேண்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதற்கு முன் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பச்சைச் சேலை அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருப்பது, 500 ரூபாய் கொடுத்ததற்கு அத்தாட்சி ஆகாது. அந்த 500 எங்கே போனது என்று இன்று வரை தெரியவில்லை. குழுப் பொதுநிதியில் பாதி, உறுப்பினர் பாதி என்று தீர்த்தார்கள். எங்களுக்கு அது திருப்தியான தீர்ப்பு அல்ல. பாஸ் புத்தகத்தில் அன்றே வரவு வைத்து, கட்டியவர் அதைத் தானே படித்துப் பார்த்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. ஆக, எழுத்து மறந்தவர்தான் ஞாபகத்தை முழுக்க நம்ப வேண்டியிருக்கிறது. அந்த ஞாபகமோ இப்படிப்பட்டது.

குழுவில் நாம் செய்வது

இப்போது ஆறு குழுக்களில் கூட்டம் முடிவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். அ, ஆ என்று ஆரம்பிக்கவில்லை. பெயர், ஊர், சேமிப்பு, கடன், அசல், வட்டி, தவணை, மீதி, சாட்சி, ஜாமீன் என்று பத்துச் சொல்லை எடுத்துக்கொண்டோம். பிரேசில் நாட்டில் 1963-இல் பாவ்லோ ஃப்ரெய்ரே என்பவர் கூலித் தொழிலாளிகளுக்கு அவர்கள் தினமும் பேசுகிற சொற்களிலிருந்து எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். அந்த வழிதான் இதுவும். ஒரு அட்டையில் சொல்லைக் காட்டி, மூடி, மணலில் எழுதச் சொல்கிறோம். மறுநாள் காலை கோலம் போட்ட கையோடு வாசலிலேயே ஒரு தடவை. மூன்றாம் நாள் ஒரு தடவை, அடுத்த கூட்டத்தில் ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. தப்பினால் யாரும் சிரிக்கக் கூடாது என்பது தீர்மானப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. எந்தக் காகிதத்திலும் கையெழுத்து கேட்டால், "இதுக்கு மேல என்ன எழுதியிருக்கு, விரல் வச்சுப் படிச்சுக் காட்டுங்க" என்று கேட்பதையும் நடித்துப் பழகுகிறோம். வெட்கப்பட்டு எங்கே கேட்காமல் விடுவோமோ என்று, அந்த வாக்கியத்தையும் வாயில் பழக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு குழுக்களில் இது நடக்கவில்லை, "கூட்டம் நீளுது" என்று நிறுத்திவிட்டார்கள். மற்ற குழுக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கூடலூர் அக்கா விஷயம் முடியவில்லை. திருப்பூரிலிருந்து அந்தப் பெண் 6,000 ரூபாய் அனுப்பியிருக்கிறார், மீதிக்குப் பேச்சு நடக்கிறது. போன வாரக் கூட்டத்தில் உறுப்பினர் பட்டியலை அவர் கையில் கொடுத்தோம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். பதினோராவது வரியில் நின்றார். எல்லோரும் கை தட்டப் போனோம். அக்கா தலையை நிமிர்த்தி, "எம் பேருதான். ஆனா முன்னால 'மு' போட்டுருக்காக. எங்க வீட்டுக்காரர் பேருக்கு 'ரா' இல்ல வரணும்?" என்றார்.

பழைய பேரேடுகளை எடுத்துப் பார்த்தோம். நாலு வருடமாக அப்படியேதான் இருக்கிறது. வங்கிக் கணக்கிலும் அதே 'மு'தான், ஆதாரில் 'ரா'. திருத்தம் கேட்டு வங்கிக்கு மனு எழுதியாகிவிட்டது. அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று வாங்கி வைத்திருக்கிறார். நாளைக்குக் கொண்டுவருவார்.